கிராதிகளுக்குப் பாடம் நடத்திய சிறுவன்

வடக்குக் கொல்கத்தாவின் ஜோடாசாங்கோவில் தாகூர் குடும்பத்தின் பெரிய மாளிகை இருக்கிறது. 1860களில் அந்த வீட்டுக் குழந்தைகள் வேலைக்காரர்களின் பொறுப்பில்தான் வளர்ந்தார்கள். அந்த வேலைக்காரர்களில் ஷ்யாம் என்ற குல்னா மாவட்டத்துப் பையன், தன் வேலையைச் சுலபமாக்கிக்கொள்ள ஒரு வழி கண்டுபிடித்திருந்தான். வீட்டுச் சிறுவன் ஒருவனை ஓரிடத்தில் உட்காரவைத்து, அவனைச் சுற்றிச் சாக்கட்டியால் வட்டம் போடுவான். விரலை உயர்த்தி, இந்தக் கோட்டைத் தாண்டினால் ஆபத்து என்று சொல்லிவிட்டுப் போய்விடுவான். என்ன ஆபத்து என்று சொல்லமாட்டான். லட்சுமணன் கிழித்த கோட்டைத் தாண்டிய சீதைக்கு என்ன நேர்ந்தது என்பதை அந்தச் சிறுவன் ராமாயணத்தில் படித்திருந்தான். அதனால் பயத்தில் அசையாமல் உட்கார்ந்திருப்பான். ஜன்னலுக்குக் கீழே படித்துறையோடு ஒரு குளம், கரையில் பெரிய ஆலமரம், தெற்கே தென்னை வரிசை. குளிக்க வருகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தே பொழுது போகும்.

மூத்த பையன்கள் வண்டியேறிப் பள்ளிக்குப் போவதைப் பார்த்து, நானும் போவேன் என்று ஒருநாள் அவன் அழுதான். வீட்டு வாத்தியார் ஓர் அறை கொடுத்து, இப்போது போக வேண்டும் என்று அழுகிறாய், பிறகு போகமாட்டேன் என்று இதைவிட அதிகமாக அழுவாய் என்றார். அது பலித்தது. ஓரியண்டல் செமினரி என்ற அந்தப் பள்ளியில், பாடம் ஒப்பிக்கத் தெரியாத பையனைப் பெஞ்சின் மேல் ஏற்றி, கைகளை நீட்டச் சொல்லி, உள்ளங்கைகளில் சிலேட்டுகளை அடுக்குவார்கள். அங்கிருந்து வீட்டுக்கு வந்த சிறுவன், வராந்தாவின் மூலையில் தன் சொந்தப் பள்ளியைத் தொடங்கினான். மரக் கிராதிகள்தான் மாணவர்கள். அவன் எதிரே நாற்காலி போட்டு, பிரம்போடு உட்கார்ந்துகொள்வான். எந்தக் கிராதி நல்ல பையன், எந்தக் கிராதி போக்கிரி என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். போக்கிரிக் கிராதிகள் வாங்கிய அடியில் தழும்பேறிப் போயின. தழும்பு ஏற ஏற அவன் கோபமும் ஏறியது.

அந்தச் சிறுவன் ரவீந்திரநாத் தாகூர். 1912இல் நூலாக வந்த 'ஜீவன் ஸ்மிருதி'யில் இதையெல்லாம் அவரே எழுதியிருக்கிறார்.

பயந்த குழந்தை, பயமுறுத்தியவரின் நாற்காலியில் ஏறி உட்கார்ந்துகொள்ளும் இந்த விளையாட்டைக் குழந்தை மனநல நிபுணர்கள் இன்று நன்றாகவே அறிவார்கள். சிக்மண்ட் ஃப்ராய்டு 1920இல் வெளியிட்ட நூல் ஒன்றில் தன் ஒன்றரை வயதுப் பேரனைப் பற்றி எழுதினார். அம்மா வெளியே போகும்போது அழாத அந்தக் குழந்தை, நூல் கட்டிய மரக்கட்டை ஒன்றைக் கட்டிலுக்கு அப்பால் எறிந்து மறையவைத்து, பிறகு இழுத்து வரவழைத்து, திரும்பத் திரும்ப விளையாடியது. அம்மா போவதையும் வருவதையும் அது தன் கைக்குள் கொண்டுவந்துவிட்டது என்று ஃப்ராய்டு விளக்கினார். அதையேதான் ஜோடாசாங்கோ வராந்தாவில் ஒரு சிறுவன், யாரும் சொல்லிக்கொடுக்காமல், பிரம்பை வைத்துக்கொண்டு செய்தான்.

ஆறு வயதுக் குழந்தை 'எனக்குப் பதற்றமாக இருக்கிறது' என்று சொல்லாது. வயிறு வலிக்கிறது என்றுதான் சொல்லும். கொல்கத்தா வீடுகளில் திங்கட்கிழமைக் காலையில் கேட்கும் 'பேட் பேத்தா கோர்ச்சே'வும், சென்னையில் கேட்கும் 'வயிறு வலிக்குதும்மா'வும் ஒரே வலிதான். அது நடிப்பில்லை. பயம் வந்ததும் உடல் ஓடவோ எதிர்க்கவோ தயாராகிறது. ரத்தம் தசைகளுக்குத் திரும்புகிறது, குடலின் அசைவு மாறுகிறது, வயிறு உண்மையாகவே பிசைகிறது. சில குழந்தைகள் நகம் கடிக்கும். நின்றுபோயிருந்த படுக்கை நனைப்பு சிலருக்கு மறுபடி வரும். சிலர் அம்மாவின் புடவைத் தலைப்பை விடமாட்டார்கள். "நீ எப்ப வருவ?" என்று ஒரே கேள்வியைப் பத்துத் தடவை கேட்கிற குழந்தை பதிலைத் தேடிக் கேட்கவில்லை. அந்தக் குரல் பக்கத்தில் இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்கிறது.

இந்தப் பயங்களில் பாதி, வயதோடு சேர்ந்து வருபவை. கைக்குழந்தைக்கு அறிமுகமில்லாத முகம், மூன்று நான்கு வயதில் இருட்டும் பூச்சாண்டியும், பள்ளி வயதில் டீச்சர், நோய், சாவு. வங்காளக் குழந்தைகளின் பூச்சாண்டிக்கு 'ஜூஜு' என்று பெயர். சாப்பிடாவிட்டால் ஜூஜு வந்து பிடித்துக்கொண்டு போகும் என்று சொல்லி ஊட்டுகிற பழக்கம் அங்கும் உண்டு. வயதோடு வரும் பயம் பெரும்பாலும் வயதோடு போய்விடும். மீதிப் பாதி, பெரியவர்கள் கட்டிய உலகத்திலிருந்து வருகிறது. பெரிய நகரங்களில் நர்சரி சேர்க்கை என்பது குடும்பமே எழுதும் பரீட்சை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பள்ளியில் சேர்க்கக் குழந்தையையோ பெற்றோரையோ வடிகட்டித் தேர்ந்தெடுப்பதைத் தடை செய்கிறது. அப்படியும் மூன்று வயதுக் குழந்தைக்கு நிறங்களின் பெயரும் பழங்களின் பெயரும் சொல்லிப் பழக்கும் வீடுகள் குறையவில்லை.

அதற்கு மேல் கோவிட் வந்தது. மேற்கு வங்கத்தில் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் சின்ன வகுப்புகளுக்கு 2022 பிப்ரவரியில்தான் திறந்தன. பிப்ரவரி 7 அன்று 'பாடாய் ஷிக்‌ஷாலய்' என்ற பெயரில் அந்தந்தப் பேட்டைத் திடல்களில் திறந்தவெளி வகுப்புகள் தொடங்கின. 16ஆம் தேதி பள்ளிக் கட்டிடங்கள் திறந்தன. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள்! நான்கு வயதில் வீட்டுக்குள் போன குழந்தை ஆறு வயதில் வெளியே வந்தது. வகுப்பறை எப்படி இருக்கும், பக்கத்தில் உட்காரும் முகமூடி போட்ட குழந்தை யார் என்று தெரியாமலேயே பலர் பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

இந்த வயதில் பேச்சு மட்டும் உதவாது. உள்ளே நடப்பதற்குப் பெயர் வைக்கும் திறமை மெல்லத்தான் வளர்கிறது, "எதுக்குப் பயப்படற?" என்று கேட்டால் குழந்தைக்கு உண்மையாகவே பதில் தெரியாது. கேட்கிறவர் குரலை உயர்த்தினால் இரண்டாவதாக இன்னொரு பயம் சேரும். ஆனால் அதே குழந்தையின் கை பேசும், கால் பேசும், பொம்மை பேசும்.

அமெரிக்க ஆய்வாளர் லின் பார்னெட் 1984இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். நர்சரிப் பள்ளியின் முதல் நாள். அம்மா விட்டுவிட்டுப் போன பிறகு சில குழந்தைகள் சீக்கிரம் தேறிக்கொண்டார்கள், சிலர் கலங்கிப்போய் நின்றார்கள். இரு வகையினரிலும் ஒரு பகுதியினரை விளையாட விட்டார், மற்றவர்களைக் கதை கேட்க உட்காரவைத்தார். கலங்கியிருந்த குழந்தைகளில், விளையாடியவர்களின் பதற்றம் கதை கேட்டவர்களைவிட நன்றாகக் குறைந்தது. இதில் பெற்றோர் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் இருக்கிறது. தனியாக, தன் கற்பனையில் விளையாடிய குழந்தைகளுக்குத்தான் அதிகப் பலன் கிடைத்தது. தனியே உட்கார்ந்து பொம்மையோடு முணுமுணுக்கும் குழந்தையை 'போய் எல்லாரோடும் சேர்ந்து விளையாடு' என்று கிளப்பிவிடுகிறோமே, அந்த நேரத்தில் அது ஒரு முக்கியமான வேலையின் நடுவில் இருக்கக்கூடும்.

ஓவியம் பற்றிய ஆய்வு ஒன்று இதைவிட வியப்பானது. ஜெனிஃபர் டிரேக், எலன் வின்னர் இருவரும் 2013இல் வெளியிட்டது. ஆறிலிருந்து பன்னிரண்டு வயது வரையிலான குழந்தைகளிடம், ஏமாற்றம் தந்த ஒரு நிகழ்ச்சியை நினைத்துக்கொள்ளச் சொன்னார்கள். பிறகு ஒரு பகுதியினரை அதையே வரையச் சொன்னார்கள். இன்னொரு பகுதியினரை அதற்குச் சம்பந்தமில்லாமல் ஒரு வீட்டை வரையச் சொன்னார்கள். மனம் கூடுதலாகத் தெளிந்தது வீடு வரைந்தவர்களுக்குத்தான். மனதில் உள்ளதைக் கொட்டிவிட்டால் பாரம் இறங்கும் என்ற நம்பிக்கை நமக்குப் பழகிப்போனது. சின்னக் குழந்தைகள் விஷயத்தில், குறைந்தபட்சம் அந்த நிமிடத்தில், பாரத்தை இறக்கிவைத்துவிட்டு வேறொரு வீட்டுக்குள் போய் வருவது மேலாக உதவுகிறது. ஆகவே பயந்திருக்கும் குழந்தை கையில் கிரேயானைத் திணித்து, 'உன் பயத்தை வரை' என்று சொல்வது கெட்டிக்காரத்தனம் ஆகாது. குழந்தை பயத்தை வரைய வேண்டுமென்றால் அதுவாக வரையும். பட்டாம்பூச்சி வரைந்தால் அது பட்டாம்பூச்சியாகவே இருக்கட்டும்.

கலையும் உடல்நலமும் பற்றி 3,000க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 45 நிமிடம் கலைப்பொருள் செய்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு மனஅழுத்த ஹார்மோனான கார்ட்டிசால் குறைந்தது என்று 2016இல் ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. ஆனால் அதில் பங்கேற்றவர்கள் 39 பேர்தான், அத்தனை பேரும் பெரியவர்கள். குழந்தைகளுக்கு அதை அப்படியே பொருத்திவிடக் கூடாது.

கொல்கத்தாவுக்கு இந்த விஷயத்தில் பெரிய பூர்வீகச் சொத்து இருக்கிறது. 1923இல் வெளிவந்த சுகுமார் ராயின் 'ஆபோல் தாபோல்' நூலில் 'பயப்படாதே' என்ற பொருள் தரும் தலைப்பில் ஒரு பாட்டு உண்டு. கொம்பும் தடியும் கொண்ட ஒரு விசித்திரப் பிராணி, தன்னைப் பார்த்துப் பயப்பட வேண்டாம் என்று உபசரித்து உபசரித்து அழைக்கிறது. படத்தையும் சுகுமாரே வரைந்தார். நோய்ப்படுக்கையில் அந்தப் புத்தகத்தை உருவாக்கிய அவர், அது வெளிவர ஒன்பது நாள் இருக்கும்போது இறந்துபோனார், வயது 35. மகன் சத்யஜித்துக்கு அப்போது இரண்டரை வயதுகூட நிரம்பவில்லை. நூறு ஆண்டுகளாக வங்காளக் குழந்தைகள் அந்தப் பிராணியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வளர்கிறார்கள். பயத்துக்கு இப்படி ஓர் உருவம் கொடுப்பதைப் போலவே, 1980களில் ஆஸ்திரேலியாவின் மைக்கேல் வைட், குழந்தையின் பிரச்சினைக்கு ஒரு பெயர் சூட்டி, அதைக் குழந்தையிடமிருந்து பிரித்து எதிரே நிறுத்தும் முறையைச் சிகிச்சையில் கொண்டுவந்தார். 'நீ பயந்தாங்கொள்ளி' என்று சொன்னால் குழந்தைக்குத் தப்ப வழியில்லை. 'அந்த நடுக்கராஜா இன்னைக்கு எத்தனை மணிக்கு வந்தான்? என்ன சட்டை போட்டிருந்தான்?' என்று கேட்டால், குழந்தை அவனை வெளியே வைத்துப் பார்க்கத் தொடங்குகிறது. அவனுக்குத் தொப்பி வரையலாம், மீசை வைக்கலாம், தும்ம வைக்கலாம்.

மனதின் ஆழத்தை ஆராயும் துறையும் இந்தியாவில் வேர்விட்டது இந்த ஊரில்தான். கிரீந்திரசேகர் போஸ் 1922இல் இந்திய உளப்பகுப்பாய்வுக் கழகத்தைக் கொல்கத்தாவில் நிறுவினார். வியன்னாவிலிருந்த ஃப்ராய்டுக்கு நீண்ட காலம் கடிதம் எழுதி, சில இடங்களில் அவரோடு முரண்பட்டு வாதாடியவர் அவர். 1940இல் லும்பினி பார்க் மனநல மருத்துவமனை தொடங்கவும் அவரே காரணம். அப்படிப்பட்டவர் குழந்தைகளுக்காக 'லால் காலோ' என்று ஒரு கதைப் புத்தகமும் எழுதினார். சிவப்பு எறும்புகளுக்கும் கறுப்பு எறும்புகளுக்கும் நடக்கும் சண்டை. பகலெல்லாம் பெரியவர்களின் பயங்களையும் கனவுகளையும் கேட்டுக்கொண்டிருந்த மருத்துவர், குழந்தைகளிடம் வரும்போது எறும்புக் கதையோடு வந்தார்.

பதற்றமுள்ள குழந்தையை அதன் ரப்பரைப் பார்த்தே அடையாளம் கண்டுவிடலாம் என்று சொல்லத் தோன்றுகிறது. கோடு போடும், அழிக்கும், மறுபடி போடும், மறுபடி அழிக்கும். தாள் கிழிகிற வரை. தப்பு வந்துவிடும் என்ற பயத்தில் சில குழந்தைகள் கோடே போடாமல் உட்கார்ந்திருக்கும். இவர்களுக்குக் காட்ட வேண்டிய ஒரு கையெழுத்துப் பிரதி இருக்கிறது. 1924 வாக்கில் 'பூரபி' கவிதைகளை எழுதிக்கொண்டிருந்த தாகூர், அடித்த சொற்களை அப்படியே விட்டுவிட மனமில்லாமல் அந்த அடித்தல்களைக் கோடுகளால் இணைக்கத் தொடங்கினார். தப்புகள் ஒன்றோடொன்று கைகோத்து அலகும் வாலும் முளைத்து, பெயரில்லாத பறவைகளும் மிருகங்களும் ஆயின. அறுபதைத் தாண்டிய மனிதர் ஓவியரானது அந்த வழியில்தான். 1930இல் பாரிஸில் அவருடைய ஓவியக் கண்காட்சி நடந்தது.

லண்டனில் குழந்தை மருத்துவராகவும் உளப்பகுப்பாய்வாளராகவும் இருந்த டொனால்டு வின்னிகாட், இதற்கு வெகு அருகில் வரும் ஒரு விளையாட்டைத் தன் அறையில் ஆடிவந்தார். அவர் கண்ணை மூடிக்கொண்டு தாளில் ஒரு கிறுக்கல் போடுவார். குழந்தை அதை ஏதாவது ஒன்றாக மாற்ற வேண்டும். பிறகு குழந்தை கிறுக்கும், அவர் மாற்றுவார். இதில் தப்பு என்று ஒன்று வர வழியே கிடையாது. முதல் கோடே கிறுக்கல்தானே? பெரியவரும் கிறுக்கத் தெரியாதவராகக் குழந்தைக்குச் சமமாக உட்கார்ந்திருக்கிறார். ஒரு பென்சிலும் பழைய நோட்டும் இருக்கிற எந்த வீட்டிலும், எந்தக் கரண்ட் போன மாலையிலும் இதை ஆடலாம்.

இருட்டுக்குப் பயப்படும் குழந்தைக்கு அந்தக் கரண்ட் போன நேரமே நல்ல சந்தர்ப்பம். ஒரு டார்ச், ஒரு சுவர், இரண்டு கைகள். நாய், மான், முயல். நிழலை உண்டாக்குகிறவனாகக் குழந்தை மாறியதும், சுவரில் விழும் மற்ற நிழல்களையும் அது வேறு கண்ணோடு பார்க்கத் தொடங்கும். களிமண்ணுக்கு இன்னொரு குணம். கொல்கத்தாவின் குமர்டுலியில் துர்கா பூஜைக்கு மாதக்கணக்கில் முன்பே, வைக்கோல் கட்டிய உருவங்களின் மேல் ஆற்று மண் பூசும் வேலை தொடங்கிவிடும். அசுரனும் சிங்கமும் தேவியும் வெறும் வைக்கோலாகவும் ஈர மண்ணாகவும் வரிசையாக நிற்பதை அந்தப் பக்கத்துக் குழந்தைகள் பார்த்தே வளர்கிறார்கள். பயங்கரமான அசுரனின் வயிற்றுக்குள் இருப்பது வைக்கோல் என்று தெரிந்த குழந்தை கொடுத்துவைத்தது. பிசையலாம், குத்தலாம், உருட்டலாம், பிடிக்காவிட்டால் மறுபடி உருண்டையாக்கிவிடலாம். மண்ணில் தப்பு நிற்காது. மண் கிடைக்காத அடுக்குமாடி வீட்டில் சப்பாத்தி மாவு இருக்கிறது.

இத்தனை வளம் உள்ள ஊரிலேயே அதற்கு நேர் எதிரான ஒன்றும் நடக்கிறது. கொல்கத்தாவில் 'போஷே ஆங்கோ' என்றால் சின்னக் குழந்தைக்கும் தெரியும். 'உட்கார்ந்து வரை' என்று பொருள். பேட்டைக் கிளப், பூஜைக் குழு, கடைத்தெருச் சங்கம் என்று யார் விழா எடுத்தாலும் ஓர் ஓவியப் போட்டி வைப்பார்கள். திடலில் பாய் விரித்து, மடியில் பலகை வைத்து, வயதுவாரியாகக் குழந்தைகள் உட்கார்ந்திருக்க, கயிற்றுக்கு அந்தப் பக்கம் அம்மாக்கள் நிற்பார்கள். அருமையான வழக்கம் அது. ஒரு நகரமே தன் குழந்தைகளை வரைய உட்காரவைக்கிறதே! ஆனால் கயிற்றுக்கு அப்பாலிருந்து வரும் குரல்களைக் கேட்க வேண்டும். வானத்துக்கு நீலம் போடு, ஓரத்தை விடாதே, போன தடவை சொல்லிக்கொடுத்த படத்தையே போடு, நேரமாகிறது. ஞாயிற்றுக்கிழமை ஓவிய வகுப்பில் பழகிய அதே குடிசை, அதே தென்னை, அதே நதி, அதே படகு. தமிழ்நாட்டுக் குழந்தைகளுக்கு இரண்டு மலை, நடுவே சூரியன், அதிலிருந்து ஓடிவரும் ஆறு. பரிசு அறிவிக்கும்போது ஒரு குழந்தை மேடையேறும், நூறு குழந்தைகள் தங்கள் படத்தைச் சுருட்டிக்கொண்டு அம்மாவின் முகத்தைப் பார்க்கும்.

கலை பதற்றத்தைக் குறைக்கும் என்பதில் 'கலை' என்ற சொல்லைவிட, யார் பார்க்கிறார்கள், எதற்காகப் பார்க்கிறார்கள் என்பதுதான் முக்கியம். மதிப்பெண் வந்த நிமிடமே ஓவியமும் கணக்குப் பரீட்சையும் ஒன்றாகிவிடுகின்றன. இயல்பாகவே துணிச்சலான குழந்தைக்குப் போட்டி ஓர் உற்சாகம், அதைப் பறிக்க வேண்டியதில்லை. வயிற்றைப் பிசையும் பயத்தோடு இருக்கும் குழந்தைக்கு, வாரத்தில் கொஞ்ச நேரமாவது யாரும் திருத்தாத தாள் ஒன்று வேண்டும்.

காகிதம் தேவைப்படாத கலையும் உண்டு. ஸோஹினி சக்ரவர்த்தி சமூகவியல் படித்தவர், நடனக் கலைஞர். 1990களில் கொல்கத்தா புத்தகக் கண்காட்சியில், கடத்தி விற்கப்பட்ட சிறுமிகளைப் பற்றிய சுவரொட்டி ஒன்று அவரை நிறுத்தியது. அந்தச் சிறுமிகளுக்கான காப்பகத்தில் தொண்டராகச் சேர்ந்த அவர், நடனத்தைக் கற்றுக்கொடுக்கப் போய், அதைவிட வேறொன்று தேவைப்படுவதைக் கண்டார். இவர்கள் தங்கள் உடலையே வெறுத்தார்கள், அல்லது மறந்துபோயிருந்தார்கள். முத்திரையும் அடவும் கற்பதற்கு முன்னால், இந்தக் கை என்னுடையது, இந்தக் கால் நான் சொன்ன இடத்துக்குப் போகும் என்பது அவர்களுக்குத் திரும்பக் கிடைக்க வேண்டியிருந்தது. 2004இல் 'கொல்கத்தா சன்வேத்' என்ற அமைப்பைத் தொடங்கினார். அவர்கள் உருவாக்கிய நடன அசைவுச் சிகிச்சை முறைக்கு 'சம்பூர்ணதா' என்று பெயர். முழுமை என்று பொருள். காப்பகச் சிறுமிகள், ரயில் நிலையங்களில் வாழும் குழந்தைகள், பள்ளி மாணவர்கள் என்று அந்த வேலை விரிந்தது. மும்பையின் டாடா சமூக அறிவியல் நிறுவனத்தோடு சேர்ந்து இதற்கென ஒரு பட்டயப் படிப்பும் வந்தது. ஒருகாலத்தில் காப்பகத்திலிருந்து வந்து பங்கேற்ற பெண்கள் பின்னாளில் பயிற்சி தருபவர்களாக நின்றார்கள் என்பதுதான் இந்தக் கதையில் நெஞ்சைத் தொடும் இடம்.

அங்கே நடப்பது ஆறாத காயங்களோடு போராடும் வேலை. வீட்டில் இருட்டுக்குப் பயப்படும் குழந்தையின் விஷயம் அவ்வளவு பெரிதில்லை. ஆனாலும் தத்துவம் ஒன்றே. பயம் உடலில் இறுக்கமாக உறைகிறது. தரையை மிதித்து ஆடுவது, மழையில் நனைந்த நாய் போலக் கையை உதறுவது, ஒருவர் செய்வதை இன்னொருவர் கண்ணாடி போலச் செய்வது, யானையாக நடப்பது என்று உடல் அசைந்தால் மூச்சின் தாளம் மாறுகிறது. நீளமாக மூச்சு விட்டால் இதயத்துடிப்பு மெதுவாகிறது. 'ஆழமா மூச்சு விடு' என்று நாலு வயதுக் குழந்தையிடம் சொன்னால் புரியாது. சோப்பு நுரைக் குமிழி ஊதச் சொன்னால் அதே வேலையைச் சிரித்துக்கொண்டு செய்யும். குமிழி பெரிதாக வர வேண்டுமானால் மெதுவாகத்தான் ஊதியாக வேண்டும்.

தமிழ் வாசகர்கள் அறிய வேண்டிய இன்னோர் இடம் இலங்கையின் மட்டக்களப்பில் இருக்கிறது. போர் நடந்துகொண்டிருந்த 1996இல், பாதிரியார் பால் சற்குணநாயகமும் கனடாவைச் சேர்ந்த ஓவியர் பால் ஹோகனும் அங்கே 'வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா'வைத் தொடங்கினார்கள். ஹோகன் அதற்கு முன் டொராண்டோவில் குழந்தைகள் மறுவாழ்வு மையம் ஒன்றில் கலைத்தோட்டம் அமைத்தவர். துப்பாக்கிச் சத்தத்தையும் உறவினர் சாவையும் பார்த்த தமிழ்க் குழந்தைகளையும் முஸ்லிம் குழந்தைகளையும் கிராமங்களிலிருந்து பேருந்தில் அழைத்து வந்தார்கள். மரங்கள், விலங்குகள், மண், வண்ணம், கதை, நாடகம். உனக்கு என்ன நேர்ந்தது என்று யாரும் குடைந்து கேட்கவில்லை. குழந்தை மண்ணில் ஒன்றைச் செய்தது, அதற்கு ஒரு கதை வந்தது, கதையிலிருந்து நாடகம் பிறந்தது. சொல்ல வேண்டியது அதற்குள் வந்துசேர்ந்தது.

கொல்கத்தாக் கவிஞர் எழுதிய நாடகம் ஒன்றும் இப்படித்தான் பயம் நிறைந்த ஓர் இடத்துக்குப் போயிற்று. சாக்கட்டி வட்டத்துக்குள் உட்கார்ந்து ஜன்னல் வழியே குளத்தைப் பார்த்த சிறுவன், ஐம்பது வயதில் 'டாக்கர்' எழுதினார். தபால் நிலையம் என்று பொருள், 1912இல் வெளிவந்தது. நோயுற்ற சிறுவன் அமல் வெளியே போகக் கூடாது என்பது வைத்தியர் உத்தரவு. ஜன்னலோரம் உட்கார்ந்து தயிர்க்காரனோடு பேசுகிறான், காவல்காரனோடு பேசுகிறான், பூப்பறிக்கும் சிறுமியோடு பேசுகிறான். தயிர்க்காரனைப் போலவே கூவக் கற்றுக்கொள்கிறான். எதிரே புதிதாக வந்த தபால் நிலையத்திலிருந்து ராஜா தனக்குக் கடிதம் போடுவார் என்று காத்திருக்கிறான்.

1942 ஜூலை 18 அன்று, நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்திருந்த வார்சா கெட்டோவில், ஓர் அனாதை இல்லத்தின் குழந்தைகள் இந்த நாடகத்தைப் போலிஷ் மொழியில் நடித்தார்கள். இல்லத்தை நடத்தியவர் யானுஷ் கோர்ச்சாக், குழந்தை மருத்துவர், எழுத்தாளர். வெளியே போகக் கூடாத குழந்தைகள், வெளியே போகக் கூடாத ஒரு குழந்தையின் கதையை நடித்தார்கள். சாவை அவர்கள் அமைதியாக எதிர்கொள்ளப் பழகட்டும் என்பதே அவர் நினைப்பு என்று பின்னர் சொல்லப்பட்டது. மூன்று வாரம்கூட ஆகவில்லை; ஆகஸ்ட் முதல் வாரத்தில் அந்தக் குழந்தைகள் ஏறத்தாழ 200 பேரையும் டிரெப்ளிங்கா முகாமுக்கு ஏற்றிச் சென்றார்கள். தப்பிக்கக் கிடைத்த வாய்ப்புகளை மறுத்துவிட்டு, கோர்ச்சாக் அவர்களோடு போனார். எந்த நாடகத்தாலும் அந்த ரயிலை நிறுத்தியிருக்க முடியாது. ஆனால் அந்த ஜூலை மாலையில் அவர்களுக்கு ஒரு ஜன்னல் இருந்தது, அதன் கீழே தயிர்க்காரன் கூவிக்கொண்டு போனான்.

நம் வீடுகளின் நிலை அவ்வளவு கொடுமையானதில்லை. செய்ய வேண்டியதும் சிறியதுதான். தினம் ஒரே நேரத்தில் கால் மணி, இருபது நிமிடம். பள்ளியிலிருந்து வந்து ஏதாவது சாப்பிட்டு முடித்த பிறகு என்றால் நல்லது. பழைய நாள்காட்டியின் பின்பக்கம், கரித்துண்டு, கோலமாவு, பழுப்பு உறை, காய்ந்த குச்சிகள். அதே தாகூர் குடும்பத்து ஓவியர் அவனீந்திரநாத் தாகூர் கடைசிக் காலத்தில் குச்சியையும் வேரையும் மரத்துண்டையும் பொறுக்கி வந்து, அவற்றில் ஒளிந்திருந்த உருவங்களைக் கண்டுபிடித்துப் பொம்மைகளாக்கினார். 'குடும் காடாம்' என்று அவற்றுக்குப் பெயர். குழந்தையோடு பூங்காவுக்குப் போனால் அதே வேலையைச் செய்யலாம்.

"இது என்ன, நாயா பூனையா?" என்று கேட்காமல் "இதைப் பத்திச் சொல்லேன்" என்று கேட்டுப் பாருங்கள். உடனே 'சூப்பர்' என்று பாராட்டிவிடுவதும் ஒரு வகை மதிப்பெண்தான். "இந்தப் பக்கம் முழுக்கப் பச்சை போட்டிருக்கியே" என்று பார்த்ததைச் சொன்னால் குழந்தைக்குத் தான் கவனிக்கப்படுவது தெரியும். கறுப்பு நிறம் நிறையப் போட்டுவிட்டால் குழந்தைக்கு மனநோய் என்று பயந்துபோகும் பெற்றோர் உண்டு. ஒரு படத்தை வைத்து அப்படி எதையும் கண்டுபிடித்துவிட முடியாது. கறுப்புக் கிரேயான் கைக்கு எட்டிய இடத்தில் கிடந்திருக்கலாம், அல்லது அது இரவாக இருக்கலாம்.

சில நேரம் இவை எதுவும் போதாது. பயம் பல வாரங்களாக நீடிக்கிறது, பள்ளிக்குப் போவதே நின்றுவிட்டது, தூக்கமும் சாப்பாடும் கெட்டுவிட்டன, பேசிக்கொண்டிருந்த குழந்தை வெளியாரிடம் பேச்சையே நிறுத்திவிட்டது என்றால், கிரேயானை நம்பி நாளைக் கடத்தக் கூடாது. குழந்தை மருத்துவரையோ மனநல நிபுணரையோ பார்க்க வேண்டும். பயப்படும் விஷயத்தைப் படிப்படியாக, சின்னச் சின்ன அளவில் சந்திக்கப் பழக்கும் சிகிச்சைக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது; சின்னக் குழந்தைகளோடு அந்தச் சிகிச்சையைச் செய்பவர்களும் பொம்மைகளையும் படங்களையும் வைத்துத்தான் செய்கிறார்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய 'டெலி மனஸ்' உதவி எண் 14416, கட்டணமில்லாதது. தமிழிலும் வங்காளியிலும் பேசலாம். யாரேனும் குழந்தையைத் துன்புறுத்துவதால் வந்த பயம் என்று சந்தேகம் எழுந்தால், குழந்தைகள் உதவி எண் 1098.

ஜோடாசாங்கோ மாளிகை இப்போது அருங்காட்சியகம். ரவீந்திர பாரதி பல்கலைக்கழகம் அதைப் பார்த்துக்கொள்கிறது. பள்ளிகளிலிருந்து குழந்தைகள் கூட்டமாக வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, கவிஞர் இறந்த அறையையும் அவர் புகைப்படங்களையும் பார்த்துவிட்டு நீளமான வராந்தாக்கள் வழியே நடக்கிறார்கள். போகிற போக்கில் ஒன்றிரண்டு பேர் கிராதிகளை விரலால் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போனால், டீச்சர் அதட்டாமல் இருப்பார் என்று நம்பலாம்.